வாசகர் கேள்வி – பதில்: பழைய கார் இன்ஜினில் ஆயில் கசிவு

பழைய கார்களைப் பேணிவரும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆயில் கசிவைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆறு கேள்விகளாகச் சுருக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 1960-களில் தயாரான நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. ஓட்டிவிட்டு நிறுத்தினால், மறுநாள் காலையில் இன்ஜினுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கியிருக்கிறது. ஆயில் சம்ப் கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றியும் கசிவு குறையவில்லை. மூன்றாவது முறையும் மாற்றுவதா, இல்லை இன்ஜினைப் பிரித்துவிடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சம்ப் என்பது ஆயில் சேரும் அடித்தொட்டி; இன்ஜினின் மிகத் தாழ்ந்த பகுதி. கேஸ்கெட் என்பது இரு பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் மெல்லிய அடைப்பு. மேலே எந்த இடத்தில் ஆயில் கசிந்தாலும், அது பிளாக்கின் சுவரில் வழிந்து இறங்கி, கடைசியில் சம்பின் விளிம்புக்கு வந்து, அங்கிருந்துதான் சொட்டும். சொட்டும் இடத்தையே கசியும் இடமாக எடுத்துக்கொள்வதால்தான் இந்த வேலையில் பணமும் நேரமும் வீணாகின்றன. போதாக்குறைக்கு, ரேடியேட்டர் விசிறியின் காற்றும், கார் ஓடும்போது அடியில் பாயும் காற்றும் ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும். முன்னால் டைமிங் கவரில் (டைமிங் செயினை மூடும் தகடு) கசிந்த ஆயில் கியர் பாக்ஸ் வரை போய்ப் படிந்திருப்பது பழைய கார்களில் சாதாரணம். ஆகவே, ஈரமாக உள்ள பகுதிகளில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பது எதுவோ, அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

முதலில், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் காருக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். காலையில் கறையின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டியாக, கந்தக நெடியோடு இருக்கும். பிரேக் ஆயில் ஏறக்குறைய நிறமற்று, தண்ணீர் போல் ஓடும். அது பெயின்டையும் அரித்துவிடும்.

அடுத்தது கழுவுதல். இதைத் தவிர்த்துவிட்டுக் கசிவைத் தேடுவதில் பயனே இல்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில், டைனமோ, கார்புரேட்டர் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் மூடிக் கட்டிவிட்டு, கிரீஸ் நீக்கும் திரவத்தைத் தூரிகையால் பூசி ஊறவிடுங்கள். பல ஆண்டுகளாக ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பியிருக்கும் கருங்களியை மரச் சீவுளியால் வழித்தெடுத்துவிட்டு, குறைந்த அழுத்தமுள்ள தண்ணீரில் அலசுங்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் அது சீல்களுக்குள்ளும் மின் இணைப்புகளுக்குள்ளும் புகுந்துவிடும். கழுவும்போதே தளர்ந்த போல்ட், விரிசல் விட்ட ரப்பர், பிளந்த பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) என்று பல குறைகள் கண்ணில் படும்.

இன்ஜின் நன்றாக உலர்ந்ததும் அதை ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு, கைவிளக்கையும் சிறு கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். சுழலும் விசிறி, பெல்ட் ஆகியவற்றின் அருகே கையையோ தளர்ந்த உடையையோ கொண்டுபோகாதீர்கள். ஓரளவு பெரிய கசிவு இதிலேயே தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், இன்ஜினை நிறுத்தி, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, சிறிது தூரம் ஓட்டிவந்து மீண்டும் பாருங்கள். கசிவு இருந்தால், கேஸ்கெட்டின் விளிம்பை ஒட்டி முதலில் தலைமுடி பருமனுக்கு ஒரு கருங்கோடு தோன்றும். பிறகு அந்தக் கோட்டில் ஓரிடம் தடித்து, பவுடரை நனைத்தபடி கீழே இறங்கும். அந்த ஈரத்தின் மேல்முனைதான் நீங்கள் தேடுவது. பவுடருக்கும் பிடிபடாத கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதைக் கலந்து ஓட்டியபின் இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால், கசிந்த வழி முழுவதும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும்.

தேடும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயில் அழுத்தத்தோடு ஓடும் பகுதிகள் ஒரு வகை: ஆயில் பிரஷர் சுவிட்ச், பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம், பிளாக்கின் ஆயில் வழிகளை அடைக்கும் பிளக்குகள். இவற்றில் கசிவு ஏற்பட்டால், இன்ஜின் ஓடும்போது மட்டும் வேகமாக வெளியேறும், நிறுத்தியதும் நின்றுவிடும். சம்பையே காலி செய்யக்கூடியது இந்த வகைதான். பிரஷர் சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் சுவிட்சை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியது உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது; அப்படி உட்கார்ந்த இரண்டு வளையங்கள் பெரும்பாலும் அழுத்தத்தைத் தாங்கா. தெறிக்கும் ஆயிலை மட்டும் தடுத்து நிறுத்தும் இணைப்புகள் இன்னொரு வகை: டேப்பட் கவர் (இன்ஜினின் உச்சியில் வால்வ் அமைப்பை மூடுவது), வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ்ராடுகள் உள்ள அறையின் பக்கவாட்டு மூடி, பெட்ரோல் பம்ப் பொருந்தும் இடம், டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி, டைமிங் கவர், சம்ப். இவற்றின் கசிவு மெல்லியது, விடாப்பிடியானது.

இவ்வளவும் பார்த்த பிறகு, மேலே எல்லாம் உலர்ந்திருந்து சம்ப் மட்டுமே ஈரமாக இருக்கிறது என்றால், அப்போது சம்பைக் கழற்றலாம். கேஸ்கெட் இரண்டு முறை தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் கேஸ்கெட்டாக இருக்காது. சம்பின் தகட்டு விளிம்பாக இருக்கும். போல்ட்டுகளை மிகையாக இறுக்கியதால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குழிந்து எழும்பியிருக்கும். அதனால் கேஸ்கெட் துளைகளை ஒட்டி மட்டும் நசுங்கி, இடையில் பிடிப்பின்றிக் கிடக்கும். விளிம்பின் மேல் ஒரு நேரான இரும்புப் பட்டையை வைத்து விளக்கைப் பின்னால் பிடித்தால், வெளிச்சம் எங்கெல்லாம் ஊடுருவுகிறது என்பது தெரியும். விளிம்பைக் கடினமான மரக்கட்டையின் மேல் வைத்து, எழும்பிய இடங்களைச் சுத்தியலால் மென்மையாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். முன்னும் பின்னும் பேரிங் மூடியின் வளைவில் உட்காரும் தனித்துண்டுகள், பக்கவாட்டுக் கேஸ்கெட்டோடு சேரும் நான்கு மூலைகளில் மட்டும் சிறிதளவு சீலன்ட் வையுங்கள். சம்பைப் பிரித்தாகிவிட்டதால் டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள்; புதியது இல்லையென்றால் பழையதைச் செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மென்மையாகிவிடும். இந்த வேலை முழுவதும் ஸ்டாண்டுகளின் மேல் கார் உறுதியாக நிற்கும்போது நடக்க வேண்டியது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

கேள்வி: டேப்பட் கவருக்குப் புதிய கார்க் கேஸ்கெட் போட்டேன். சில நாள் உலர்ந்திருந்தது. பிறகு பழையபடி கசிகிறது. இறுக்க இறுக்கக் கசிவு கூடுவது ஏன்?

பதில்: இறுக்குவதுதான் காரணம். கார்க் ஓரளவு நசுங்கும் வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் இறுக்கினால் வெளிப்பக்கமாகப் பிதுங்கிப் பிளந்துவிடும். தகட்டுக் கவரும் வளைந்துபோய், போல்ட் இல்லாத நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) ஏ, பி வரிசை இன்ஜின்களைப் போல உச்சியில் இரண்டே நட்டுகள் கவரைப் பிடித்திருக்கும் அமைப்பில் இது இன்னும் விரைவாக நடக்கும். அந்த வகையில், நட்டுகளுக்கு அடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் பார்க்க வேண்டும். அவை காய்ந்து கல்லாகிவிட்டால் ஆயில் அவற்றின் வழியாகவே மேலே வந்து கவரில் வழியும், பழி கேஸ்கெட்டின் மேல் விழும்.

கவரைக் கழற்றி, விளிம்பைச் சம்பைப் போலவே சமப்படுத்துங்கள். சிலிண்டர் ஹெட்டின் பரப்பில் பழைய கார்க்கும் பசையும் துளியும் இல்லாமல் நீக்குங்கள். ஹெட் அலுமினியம் என்றால் இரும்புச் சீவுளி படவே கூடாது. சுரண்டும் துணுக்குகள் புஷ்ராடு துளைகளுக்குள் விழாமல் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் கிடப்பில் இருந்த கார்க் சுருங்கி, துளைகள் பொருந்தாமல் நிற்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். கவரின் பக்கம் மட்டும் மெல்லிய பசையால் ஒட்டி, எடை வைத்து உலரவிடுங்கள். ஹெட்டின் பக்கம் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை வால்வ் கிளியரன்ஸ் (வால்வ் இடைவெளி) பார்க்கக் கவரைக் கழற்றும்போது கேஸ்கெட் கிழியாது. இறுக்கும் அளவு உங்கள் இன்ஜினுக்கான கையேட்டில் இருக்கும். அது நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். சில முறை இன்ஜின் சூடாகி ஆறிய பிறகு, ஸ்பேனரை ஒரு கையால் பிடித்து, கார்க் தளர்ந்த அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும்.

கேஸ்கெட்டுக்குப் பதிலாகவும் கூடுதலாகவும் சிலிகான் பசையைத் தாராளமாகப் பிதுக்கும் பழக்கத்தை நான் வலுவாக எதிர்க்கிறேன். வெளியே பிதுங்குவது எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். அது பிய்ந்து சம்பில் விழுந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், ஒரு கசிவை நிறுத்தப் போய் பேரிங்குகளையே இழக்க நேரிடும். பழைய கேஸ்கெட்டுகளில் பலவற்றில் கல்நார் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றை உலர்ந்த நிலையில் கம்பிச் சக்கரத்தால் தேய்க்காமல், நனைத்து, முகமூடி அணிந்து எடுங்கள்.

கேள்வி: பல ஆண்டு நின்றிருந்த காரை மீண்டும் ஓட்டத் தொடங்கினேன். சில வாரங்களுக்குள் டேப்பட் கவர், பக்கவாட்டு மூடி, டைமிங் கவர், இன்ஜினின் பின்பக்கம் என எல்லா இடத்திலும் ஆயில். ஒரே நேரத்தில் எல்லாச் சீலும் போய்விடுமா?

பதில்: நின்ற காரில் ரப்பரும் கார்க்கும் காய்ந்து இறுகுவது உண்மைதான். ஆனால் எல்லா இடங்களிலும் ஒன்றாகக் கசிவு தொடங்கினால் முதலில் பிரீதரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் சிறு பங்கு அவற்றைத் தாண்டி, பிஸ்டன்களுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறவே பிரீதர் வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வாயு வெளியேறும். நீங்கள் ஒரு கேஸ்கெட்டை மாற்றினால் அடுத்தது கசியும்.

பழைய அமைப்பில், இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் திறந்த குழாய் ஒன்று இருக்கும். கார் ஓடும்போது அதன் வாயைக் கடந்து போகும் காற்று உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கும். பின்னாளில் வந்த அமைப்பில், அந்த வாயு ஒரு வால்வின் வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கும் அங்கிருந்து சிலிண்டருக்கும் போய் எரிந்துவிடும். முதல் வகையில் குழாயின் உட்புறத்தில் சேறுபோல் படிந்த ஆயிலையும், உள்ளே உள்ள கம்பி வலையையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். இரண்டாவது வகையில் வால்வையும், அதன் ரப்பர் சவ்வையும், ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள காற்று வடிகட்டியையும் பாருங்கள். நின்ற காரில் குழாய்க்குள் பூச்சி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

சுத்தம் செய்த பின் ஒரு சோதனை: ஆயில் மூடியைத் திறந்து, மெல்லிய ரப்பர் கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை அந்த வாயில் இறுக்கிப் பொருத்திவிட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். வால்வ் உள்ள அமைப்பில் கையுறை உள்ளே இழுக்கப்பட வேண்டும். திறந்த குழாய் அமைப்பில் அது தளர்ந்து கிடக்க வேண்டும். பிரீதர் சுத்தமாக இருந்தும் கையுறை விறைத்து எழுந்து நின்றால், ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். அப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்க்க வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளந்தால் அளவு தெளிவாக ஏறுகிறதா? அப்படியானால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ குறை. ஒட்டிக்கொண்ட ரிங்குகள், நிதானமாகச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு விடுபடுவதும் உண்டு என்பதால், உடனே பிரிக்க அவசரப்படாதீர்கள்.

கேள்வி: டைமிங் கவரில் புதிய ஆயில் சீல் போட்டும் கிராங்க் புல்லிக்குப் (இன்ஜினின் முன்னால் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரம்) பின்னால் கசிகிறது. சீல் தரமற்றதா?

பதில்: சீலைக் குறை சொல்வதற்கு முன் புல்லியைக் கழற்றி, அதன் கழுத்தில், சீலின் உதடு (சுழலும் பாகத்தைத் தொடும் ரப்பர் விளிம்பு) உரசும் வட்டத்தில், விரல் நகத்தைக் குறுக்காக இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. பல்லாண்டு உரசலில் இரும்பில் விழுந்த அந்தத் தடத்தைப் புதிய சீலால் மூட முடியாது. கழுத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றிச் சரிசெய்யலாம். அல்லது இடம் இருந்தால், உதடு வேறு வட்டத்தில் படும்படி சீலைச் சற்று முன்பின்னாகப் பொருத்தலாம்.

இன்னொரு காரணம், கவர் மையத்தில் உட்காராதது. கவரின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, புல்லியைச் சீலுக்குள் நுழைத்து, அது கவரைத் தானே மையப்படுத்திய பிறகே போல்ட்டுகளைப் படிப்படியாக இறுக்க வேண்டும். சீலில் சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவாமல் இன்ஜினை ஓட்டினால் அது முதல் சுற்றுகளிலேயே கருகிவிடும்.

கேள்வி: என் 1963 எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில், பெல் ஹவுசிங்கின் (இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் கிளட்ச்சை மூடும் கூடு) அடித்துளையிலிருந்து சொட்டுகிறது. இன்ஜினை இறக்கிப் பின்பக்க மெயின் சீலை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: உங்கள் காரில் மாற்றுவதற்கு அங்கே ரப்பர் சீலே இல்லை. 1964 இறுதி வரை வந்த மூன்று பேரிங் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் எதிர்த்திசைத் திருகுபோல் ஒரு புரி வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அந்தப் புரி ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அதற்குப் பின் வந்த ஐந்து பேரிங் இன்ஜினில்தான் உதடுள்ள சீல் வந்தது. வேறு சில இன்ஜின்களில் இந்த இடத்தில் கயிறு போன்ற சீல் இருக்கும், ஜாகுவாரின் 4.2 லிட்டர் எக்ஸ்.கே. இன்ஜின் அதற்கு எடுத்துக்காட்டு. புரி, சுழலும் வரைதான் வேலை செய்யும். நிறுத்தியதும் அங்கே மிஞ்சிய சில சொட்டுகள் விழுவது அந்த அமைப்பின் இயல்பு. முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் விழும். கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் புரி தோற்றுவிடும் என்பதால், மேலே சொன்ன பிரீதர் வேலை உங்களுக்கு மிக முக்கியம்.

அந்தத் துளைக்கு வரும் ஆயிலுக்கு வேறு ஊற்றுகளும் உண்டு. டேப்பட் கவரின் பின்மூலையில் கசிந்து ஹெட்டின் முதுகில் இறங்கும் ஆயில், கேம்ஷாஃப்ட்டின் பின்முனை மூடி, ஆயில் வழியின் பின் பிளக், கியர் பாக்ஸின் முன் சீல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். இன்ஜின் ஆயிலில் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து பாருங்கள். சொட்டு ஒளிரவில்லை என்றால் அது கியர் பாக்ஸிலிருந்து வருகிறது. ஆயில் மட்டம் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் வழுக்காமலும் அதிராமலும் இருந்து, சொட்டும் சிலதே என்றால், இதற்காக மட்டும் இன்ஜினை இறக்க நான் சொல்லமாட்டேன். கிளட்ச் மாற்ற எப்படியும் இறக்கும் நாளில் புரியின் இடைவெளியைச் சோதித்து, பின் மூடிகளையும் பிளக்குகளையும் புதுப்பித்துவிடுங்கள். அதுவரை, அடித்துளையில் தொங்கும் ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கி எறியவோ துளையை அடைக்கவோ வேண்டாம். அந்தப் பின் ஆடி ஆடித்தான் துளையைத் திறந்து வைத்திருக்கிறது. துளை அடைபட்டால் ஆயில் கிளட்ச் தட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவங்கள், கெட்டியான ஆயில் இவற்றால் பயன் உண்டா? எவ்வளவு கசிவு வரை ஓட்டலாம்?

பதில்: அந்தத் திரவங்கள் இறுகிய ரப்பரை மென்மையாக்கிச் சற்று உப்பச் செய்பவை. ஓரளவு காய்ந்த ரப்பர் சீலில் தற்காலிகப் பலன் தரலாம். கார்க், கயிறு, திருகுப்புரி, வளைந்த தகடு, அடைபட்ட பிரீதர் ஆகிய எதையும் அவற்றால் சரிசெய்ய முடியாது. ஆக, இந்தப் பக்கத்தில் பேசிய கசிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவை பயன்படா. ஆயிலைப் பொறுத்தவரை, இன்ஜினின் கையேடு கெட்டியான 20டபிள்யூ-50 கேட்கும்போது நவீன கார்களுக்கான மெல்லிய 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தால், சரியான ஆயிலுக்கு மாறியதுமே கசிவு குறையக்கூடும். கையேடு சொல்வதையும் மீறிக் கெட்டியாக ஊற்றினால், குளிர்ந்த இன்ஜினில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகி, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் ராக்கர்களும் தேயும்.

எவ்வளவு கசிகிறது என்பதோடு, எங்கே விழுகிறது என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவில் ஓரிரு சொட்டு தரையில் விழுந்து, ஆயில் மட்டம் கவனிப்பில் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். ரப்பர் மவுன்டிங்கிலும் குழாய்களிலும் படிந்தால் அவை ஊறிப் பிய்ந்துபோகும் முன் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்தாலும், டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்து பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலும், பிரேக்கை எட்டினாலும், ஓடும்போது பிரஷர் விளக்கு மினுக்கினாலும், சரிசெய்யும் வரை காரை எடுக்காதீர்கள்.